கனடாவிலிருந்து வந்த புஷ்

சித்தப்பாவுக்குப் பெண் பேசி முடித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. பார்க்காமலே ஒருவர் மேல் அவ்வளவு பொறாமைப்பட ஏழு வயதில்தான் முடியும்.

காரணம் கார். சித்தப்பாவிடம் ஒரு பழைய ஏ40 கார் இருந்தது. தபால் கந்தோர் வேலை முடிந்து வந்தால் அவர் அதற்கு அடியில்தான் கிடப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஓடுகிற மனநிலையில் இருந்தால் சுன்னாகம் சந்தைக்குப் போவோம். முன் சீற்றில், அவருக்குப் பக்கத்தில், நான். அம்மா மரக்கறிப் பைகளோடு பின்னால். “சித்தி வந்தால் உனக்குப் பின் சீற்தான், பிள்ளை” என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சீண்டுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தமையன் கனடாவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினார். காரின் பின்பக்க ஸ்பிரிங்குகளின் ஓட்டைகளில் பூட்டுகிற புது ரப்பர் புஷ்கள். பழையவை கல்லாகிப் போயிருந்ததால் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முதுகில் உதைக்கும். சித்தப்பா மாப்பிள்ளையாய் அந்தக் காரில்தான் வருவேன் என்று பிடிவாதமாக நின்றார்; பெண் வீட்டார் காருக்கும் சீதனம் கொடுத்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்து சித்தப்பா சிரித்த சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

பூட்டிப் பார்த்தால் லொடலொட என்று ஆடின. ஓட்டைக்குள் இறுகி நிற்க வேண்டிய புஷ், விரலால் தள்ளினாலே வெளியே வந்தது. காரை ஓட்டினால் பின்னால் யாரோ அம்மி கொத்துவது மாதிரிச் சத்தம். எனக்கோ உள்ளுக்குள் திருவிழா.

“அளவு பிழையாய் வாங்கி அனுப்பிப்போட்டினம்” என்றார் அப்பா.

“உந்த விசயத்தை வெளியிலை ஒருத்தரும் கதைக்கக்கூடாது. பொம்பிளை வீட்டார் குறையாய் நினைப்பினம்” என்றார் அம்மா.

கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. பழைய புஷ்களைச் சித்தப்பா வெட்டித்தான் கழற்றியிருந்தார் என்பதால் திரும்பவும் போட முடியாது. வேறு கார் பிடித்தால், அவர்கள் அனுப்பியது உதவவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். இந்தக் காரிலேயே போனால், வாசலில் நிற்கிற சனம் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்கும்.

சித்தப்பா முதலில் இன்சுலேஷன் ரேப் சுற்றினார். சந்தி தாண்டுவதற்குள் பிதுங்கி வெளியே வந்தது. சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினார். அதுவும் அடுத்த நாளே நைந்துபோனது. கடைசியில் பழைய புஷ்ஷின் துண்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டு ஸ்பிரிங்கின் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“புஷ்ஷிலை பிழையில்லை, அண்ணை” என்றார் அப்பாவிடம். “எங்கடை ஓட்டைதான் தேஞ்சு பெருத்துப்போச்சு. சும்மா அவையளைக் குறை சொல்லிப்போட்டம்.”

அந்தப் பெண்ணின் மேல் சொல்ல எனக்கிருந்த ஒரேயொரு குற்றமும் போய்விட்டது.

மெல்லிய தகட்டை உருட்டி ஓட்டைக்குள் வைத்தால் இறுகும் என்று வீடெல்லாம் தேடினார். அவர் கண் என் தகரப் பிஸ்கட் பேணியில் வந்து நின்றது. நான் பாசிமணிகள் போட்டு வைத்திருந்த பேணி. அவளுக்காக என் பேணியா? நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“பேணியைத் தா. கலியாணத்தண்டைக்கு முன் சீற் உனக்குத்தான்.”

“சித்தி ஏறினாலுமோ?”

“ஓம். ஆர் ஏறினாலும்.”

கொடுத்தேன். வெட்டி, உருட்டி, ஓட்டைக்குள் செருகி, சவர்க்காரத் தண்ணீர் பூசிப் புஷ்ஷை அடித்து இறக்கினார். அதற்குப் பிறகு கார் வாய் திறக்கவில்லை.

கலியாணத்தன்று பெண் வீட்டில் தாலி கட்டி, சாப்பாடும் முடிந்து, இருவரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவரும் நேரம் வந்தது. அப்பா ஸ்ரியரிங்கைப் பிடித்தார். யாரோ பெரியவரை முன்னால் ஏற்றப் பார்த்தார்கள். சித்தப்பா விடவில்லை.

“உது அவளின்ரை இடம். சொல்லிப்போட்டன்.”

நான் ராணி மாதிரி ஏறி இருந்தேன். சித்தப்பா பின்னால் ஏறினார், அந்தப் பெண்ணோடு. சித்தப்பா என் பக்கத்தில் இருக்கமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் சீற் என்னுடையது.

வாசலில் பெண்ணின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வாற கிழமை மகனோடை இருக்கக் கனடாவுக்குப் போயிடுவன். இந்த வீடு இனிப் பூட்டித்தான் கிடக்கும். அவளுக்கு இனி நீங்கள்தான்” என்றார். என் அம்மா எதற்கோ கண்ணைத் துடைத்தார். எனக்கு எப்போது புறப்படுவோம் என்றிருந்தது.

கார் சத்தமில்லாமல் ஒடுக்கமான மண் ஒழுங்கைக்குள் இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். சித்தி பின் கண்ணாடி வழியாக அந்த வீட்டையே பார்த்தபடி, கூறைச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார்.

முன் சீற் கிடைக்கவில்லை என்று இவ்வளவு பெரிய ஆள் இப்படி அழுவதா என்று நினைத்தேன். பாவமாகத்தான் இருந்தது. சுன்னாகம் போகும்போது ஒருநாளைக்கு விட்டுக்கொடுக்கலாம் என்றுகூட எண்ணினேன். ஆனால் இன்றைக்கு இல்லை.