உட்கார்ந்து தெளித்த பன்னீர்

நீண்ட கழுத்துடைய அந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்பு, என் அக்காவின் திருமண நாள் காலையில், திண்டிவனத்து மண்டப வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் மடியில் இருந்தது. செம்பு நிறைந்திருந்தது, அதைப் பிடித்து நிற்க வேண்டியவரின் கால்கள்தாம் வீங்கியிருந்தன.

அம்மா வேலைக்குச் சென்ற காலமெல்லாம் அக்காவை வளர்த்தவர் பெரியம்மா. விருந்தினரை வாசலில் நின்று பன்னீர் தெளித்து அழைக்கும் உரிமையை அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்க மறுத்திருந்தார். அவருடைய இதயத்திலோ செயற்கை வால்வு, ரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை, முழங்கால்களில் மூட்டுவாதம். முன்பொருமுறை வலி தாளாமல் கடை மாத்திரையை விழுங்கியதில், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, மலம் தார்போல் கறுத்து, முண்டியம்பாக்கத்து மருத்துவமனையில் படுத்து மீண்டவர்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், திருவிழா என்றால் மருந்துக்கடையில் 'உடம்பு வலி' என்று சொல்லி, இரண்டு மூன்று வலி மாத்திரைகளைச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துத் தரும் 'செட்' வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கம். அன்றும் மாமா, பெரியம்மாவின் தம்பி, அப்படியொரு பொட்டலத்தோடு வந்தார்.

"போட்டுக்கினு நில்லுக்கா. ஒரு வேளைதான, ஜல்தியா கேக்கும்."

"வலி போவும்டா. கூடவே நானும் போயிடுவேன். தாலி கட்டறத அப்புறம் யாரு பாக்கறது?"

"அப்ப ஊசியாவது போட்டுக்க."

"ஊசி போட்ட எடத்துல ரத்தம் கட்டிக்கும்னு டாக்டர் சொன்னப்ப, நீயுந்தான கேட்டுக்கினு இருந்த?"

நான் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ரத்த மாத்திரையை நிறுத்தவே கூடாது. வலிக்கு, தாம் முன்பே எழுதிக் கொடுத்த பாராசிட்டமாலை மட்டும், சொன்ன அளவுக்குள் போடலாம். சூடான ஒத்தடம் கொடுக்கலாம். நெடுநேரம் நிற்கலாகாது என்றார். சமையற்கட்டிலிருந்து வெந்நீர் வாங்கித் துண்டை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தோம். கடைசி அறிவுரைதான் அவருக்குக் கசந்தது. பெண் வீட்டார் உட்கார்ந்தபடி வரவேற்றால் அது அவமதிப்பு என்றே எங்கள் ஊர் கொள்ளும். பெரியம்மா செம்பை மடியிலிருந்து கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "ஒரு சேர் எட்தாந்து போடு" என்றார்.

மாப்பிள்ளையின் அத்தை முதல் ஆளாய் வந்து நின்றார். "என்னா, பொண்ணு வூட்ல மகாராணி உக்காந்துக்கினு வரவேற்கறாங்க?"

பட்டிமன்ற மேடைகளில் எதிரணியின் வாதத்தை அடுத்த மூச்சிலேயே மறுத்துப் பழகிய எனக்கு, நாவின் நுனியில் மறுமொழி காத்திருந்தது. பெரியம்மா முந்திக்கொண்டார்.

"கொஞ்சம் குனிங்க சம்பந்தி. உக்காந்தவ கை அவ்ளோதான் எட்டும்."

அத்தை குனிந்தார். பன்னீர் வகிட்டில் விழ, சிரித்தும் விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சொல்லாமலே குனிந்தார்கள். வாதத்தால் பணிய வைப்பதே வெற்றி என்று எண்ணியிருந்த நான், வாசலில் ஊரே தலை தாழ்த்துவதைப் பார்த்து நின்றேன். தாலி கட்டும் நேரத்தில் பெரியம்மா என் தோளைப் பற்றி எழுந்து, மணமேடை அருகே சென்று, கண் நிறையப் பார்த்தார்.

பெரியம்மா இன்று இல்லை. அண்மையில் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுத் திருமணம் ஒன்று நடந்தது. அதே செம்பு மாமாவின் கையில் இருந்தது. நோய் ஏதும் அண்டாத, திடமான கால்கள் அவருக்கு. ஆனாலும் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

"ஏன் மாமா, முடியலையா?"

"நிக்கலாம்மா. அக்கா இப்டித்தான தெளிச்சிது."

நான் குனிந்தேன்.