திருடனுக்காகப் போட்ட தாழ்ப்பாள்

நான் தொடக்கநிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுக்குத் திருடன் வரக்கூடும் என்று அப்பா அறிவித்தார். அறிவித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளி விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர் மாதிரி பேசினார். நாங்கள் இருந்த குவீன்ஸ்டவுனில் பழைய அடுக்குமாடி புளோக்குகளாகப் பார்த்துப் பூட்டை உடைக்கிறார்களாம். நாமும் வாசல் கதவைப் பலப்படுத்தியாக வேண்டுமாம். அம்மா ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் தாழ்வாரத்தில் அதுவரை நடந்த பெரிய சம்பவம், யாரோ காயப்போட்ட போர்வை காற்றில் பறந்து கீழே போனதுதான்.

சித்தி அம்மாவின் தங்கை. அதற்குச் சில நாள் முன்புதான் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியிருந்தார். கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அம்மா என்னிடம் சொன்னார். என் அறையில் எனக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். புது ஃபேஷன் போலிருக்கிறது என்று நினைத்து, எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அம்மாவை நச்சரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

படிக்கிறவர்களையும் அப்படி முழிக்க விடக் கூடாது, சொல்லிவிடுகிறேன். திருடன் என்று ஒருவனும் இல்லை. எங்கள் வீட்டார் பயந்தது சித்தப்பாவுக்குத்தான். அவர் சித்தியை அடிக்கிறவர். என்றைக்காவது வந்து நின்று, கெஞ்சியோ மிரட்டியோ சித்தியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று அம்மாவுக்குத் தூக்கமில்லை. முன்பும் இரண்டொரு தடவை அப்படிப் போனவர்தான் சித்தி. இந்த முறை போனால் திரும்பி வருவாரா என்பதே சந்தேகம் என்று பெரியவர்கள் அடுப்படியில் குசுகுசுத்துக்கொண்டார்கள்.

என்னிடம் யாரும் மூச்சு விடவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களில் அது எழுதாத சட்டம். பிள்ளைகளுக்கு முன்னால் உறவுக்காரரைக் குறை சொல்லக் கூடாது. அதிலும் மாப்பிள்ளையைச் சொல்லவே கூடாது. நாளைக்கே இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால், பிள்ளை மனதில் அந்தக் கறை நின்றுவிடுமே! போதாக்குறைக்கு நான் கொஞ்சம் வாயாடி. என்னிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் நம்மவர்கள் கூடும் சிராங்கூன் ரோடு முழுக்கத் தெரிந்துவிடும் என்று அம்மா பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகவே எனக்குத் திருடன், அவர்களுக்குச் சித்தப்பா என்று வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே கதவைப் பலப்படுத்த ஆரம்பித்தோம்.

அந்தப் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். மாமா அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. அவருக்கு எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாது. அப்பா கடையிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்திருந்தார். மாமா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், அலமாரிக்கு வாங்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார்.

மாமா துளை போடும் இயந்திரத்தோடு வந்து இறங்கியது ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில். மஞ்சள் குங்குமம் வைத்த கதவு நிலையில் அந்த நேரத்தில் ஓட்டை போடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, டீயைக் குடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். ராகு காலம் முடிந்ததும் எழுந்தவர்தான், வீடே அதிர்ந்தது. கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள், அடியில் ஒரு தாழ்ப்பாள், நடுவில் ஒரு சங்கிலி, அதற்கும் மேலே குறுக்கே விழும் ஓர் இரும்புப் பட்டை. பூட்டுத் தகடு சேரும் இடத்தில் பழைய குட்டை ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, நிலைக்கட்டையைத் தாண்டிச் சுவர் வரைக்கும் போகும் நீளமான திருகாணிகளை முடுக்கினார். கதவைவிட நிலைதான் முதலில் பிளக்கும் என்று அப்பாவுக்குப் பாடம் வேறு நடத்தினார். வெளியே இருந்த இரும்பு கேட்டுக்கு ஒரு புதுப் பூட்டு வந்தது. அதை நான் இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது.

வெளியே நிற்பவரைப் பார்ப்பதற்குக் கதவில் ஒரு கண்ணாடித் துளையும் வைத்தார். வைத்து முடித்து, தானே எட்டிப் பார்த்து, "சூப்பர் லா" என்றார். மாமா எங்கள் குடும்பத்திலேயே நெட்டை. அம்மா நுனிக்காலில் நின்று பார்த்தார்; நெற்றிதான் கதவில் இடித்தது. சித்தி அம்மாவைவிடக் குட்டை. வீட்டில் பாதுகாப்பு தேவைப்பட்ட ஆளே அவர் ஒருவர்தான். அவருடைய கண் அந்தத் துளைக்கு எட்டவே எட்டாது. அதைப் பார்த்துச் சித்தி கொஞ்சம் சிரித்தார். வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

துளை எட்டாதவர்களுக்காக அப்பா ஒரு விதி போட்டார். மணி அடித்தால் உடனே திறக்கக் கூடாது, "யாரு?" என்று கேட்க வேண்டும். "தெரிஞ்சவங்க குரலா இருந்தா மட்டும் திறக்கணும். சரியா?" என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். உண்மையைச் சொல்ல வாய் வராதவர்கள் போட்ட விதி அது. அதில் இருந்த ஓட்டை, படித்த அப்பாவுக்கும் தெரியவில்லை, கப்பல் கட்டும் மாமாவுக்கும் தெரியவில்லை.

எனக்குத் தாழ்ப்பாள்கள் பிடித்துப்போயின. முக்காலியில் ஏறி மேல் தாழ், இறங்கிச் சங்கிலி, பட்டை, குனிந்து கீழ்த் தாழ் என்று மனப்பாடமாகப் பழகிக்கொண்டேன். அப்பா திறப்பதற்குள் நான் திறந்து மூடியே விடுவேன். வகுப்பில் இதைச் சொல்லி எனக்கு நல்ல மதிப்பு வேறு. சித்தி மட்டும் மாறவில்லை. லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். கதவு முழுக்க இரும்பு ஏறிய பிறகும் அந்தப் பயம் போகாததைப் பார்த்து, இவ்வளவு பெரிய மனுஷி ஒரு திருடனுக்கு இப்படியா நடுங்குவது என்று எனக்குச் சித்தி மேல் கொஞ்சம் இளக்காரம்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார். சித்தி அடுப்படியில் மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். அப்போது மணி அடித்தது. நான் விதிப்படி கதவோரம் போய் "யாரு?" என்று கேட்டேன்.

"சித்தப்பாடா செல்லம்."

எனக்குச் சித்தப்பாவை ரொம்பப் பிடிக்கும். பிறந்தநாளுக்கு மறக்காமல் வருபவர். எம்ஆர்டி ரயிலில் முதல் பெட்டியின் கண்ணாடியோரம் என்னை நிறுத்தி, சுரங்கம் வருவதை வேடிக்கை காட்டியவர். அவர் குரலைவிடத் தெரிந்த குரல் உலகத்தில் எது? முக்காலியை இழுத்துப் போட்டேன். மேல் தாழ், சங்கிலி, பட்டை, கீழ்த் தாழ். அப்பா வீட்டில் இருந்தால் கைதட்டியிருப்பார், அவ்வளவு வேகம். கதவைத் திறந்தால் சித்தப்பா சிரித்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு பாக்கெட் மல்லிகைப் பூவும் இனிப்புப் பெட்டியும் இருந்தன. எங்கள் இருவருக்கும் நடுவே இரும்பு கேட்டும் மாமாவின் பூட்டும் மட்டும்தான் மிச்சம்.

"கேட்டையும் திறம்மா."

பூட்டின் சாவி எப்போதும் சித்தியிடம்தான் இருக்கும். "சித்தி! சித்தப்பா வந்திருக்கார், சாவி குடுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் மிக்ஸி நின்றது.

சித்தி கூடத்துக்கு வந்தார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. சித்தப்பா மெதுவாகத்தான் பேசினார். தப்பு நடந்துபோச்சு, வீடு வீடாவே இல்ல, வா போகலாம் என்றார். கேட்க எனக்கே பாவமாக இருந்தது. சித்தி அசையவில்லை. சித்தப்பா மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை. "கேட்டைத் திறன்னு சொல்றேன்ல" என்று கம்பியைப் பிடித்து உலுக்கினார். மேலே தொங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஆடியது. நான் பயந்துபோய்ச் சித்தியின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

சித்தி ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, கேட்டுக்கு ஒரு கை தூரம் வரைக்கும் முன்னால் போய் நின்றார்.

"நான் வரலங்க. இனிமே வரமாட்டேன். கிளம்புங்க."

"பிள்ளை முன்னாடி என்ன பேசுற நீ?"

"பரவாயில்ல. பிள்ளைக்கும் தெரியட்டும்."

அப்போது பக்கத்து வீட்டு கேட் திறந்தது. நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மலாய் அம்மா கையில் போனோடு வெளியே வந்து நின்றார். அவரிடம்கூட அம்மா முன்பே சொல்லி வைத்திருந்தாராம். தாழ்வாரத்தில் விஷயம் தெரியாத ஒரே ஆள் நான்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. "ஓகே ஆ, கர்ல்?" என்று சித்தியைக் கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போகவில்லை. சித்தப்பா அவரைப் பார்த்தார். பூவையும் பெட்டியையும் தரையில் வைத்துவிட்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்.

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், நான் கொண்டுவந்த கிளாஸில் பாதி அவர் மேலேயே சிந்தியது. அம்மா தாழ்வாரத்தின் கோடியிலேயே திறந்த கதவைப் பார்த்துவிட்டு, காய்கறிப் பையோடு ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டதும் என் முதுகை நோக்கி அம்மாவின் கை ஓங்கியது. "அவளை அடிக்காதக்கா. அவகிட்ட நாம எதையாவது சொன்னோமா?" என்று சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் சேர்ந்து அழுதேன். எதற்கென்று தெரியாவிட்டாலும் மனசார அழுதேன்.

சாயங்காலம் மாமா அலறியடித்துக்கொண்டு வந்து பூட்டை ஆராய்ந்தார். ஒரு கீறல் இல்லை என்பதில் அவருக்குப் பெருமைதான். இருந்தாலும் கேட்டுக்கு இன்னொரு கம்பி வைத்துப் பற்றவைக்கலாம் என்று ஆரம்பித்தார். "போதும்ண்ணே" என்றார் சித்தி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் மாமா அளவெடுத்துக்கொண்டிருந்த நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்து நடந்த போலீஸ், கோர்ட் அலைச்சல் எல்லாம் வழக்கம்போல எனக்குத் தெரியாமலே நடந்தது. திங்கட்கிழமை முதல் வேலையாகச் சித்தி, தான் முன்பு வேலை பார்த்த கிளினிக்குக்குப் போன் போட்டுப் பேசியது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமையே, விளக்கு வைக்கும் நேரத்தில் சித்தி ஒரு காரியம் செய்தார். கேட்டைப் பூட்டிவிட்டு மரக்கதவை அகலத் திறந்து வைத்தார். எங்கள் புளோக்கில் எல்லா வீட்டிலும் காற்றுக்காக அப்படித்தான் திறந்து வைப்பார்கள். எங்கள் வீட்டில்தான் சில வாரமாக அது இல்லை. சித்தி ஒரு நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, குட்டைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து பயற்றில் கல் பொறுக்கினார். லிஃப்ட் நின்றது. யாரோ நடந்து போனார்கள். சித்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்குத்தான் பகீரென்றது. முக்காலியை இழுத்து வந்து கதவைச் சாத்தப் போனேன். "திறந்தே இருக்கட்டும்டா, காத்து வருது" என்றார் சித்தி. அப்பா பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பெரியவர்களை நம்பி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை தாழ்ப்பாள் போட்டு, இத்தனை விதி போட்டு, ஒரு திருடன்கூட வருவதற்கு முன்னாலேயே இப்படி அசந்துபோகலாமா? யாராவது ஒருவராவது பொறுப்பாக இருக்க வேண்டும் என்று, தாழ்வாரத்தில் வைத்த கண்ணை எடுக்காமல், சித்தியின் காலடியில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டேன்.