இடது பக்கப் பின்கதவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல்தான் வரும். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், சின்னதாக ஒரு டிபன் கடை வைத்திருக்கிறேன். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் மலை மேல் ஒளி தெரிந்தது, காதில் யாரோ பேசினார்கள் என்று சொல்லிக்கொண்டேதான் இட்லி சாப்பிடுவார்கள், வெள்ளைக்காரர்கள் மட்டுமில்லை, நம்ம ஆட்களும்தான். நான் சட்னியை ஊற்றிவிட்டு உள்ளே போய்ச் சிரிப்பேன். வயிறு காய்ந்து கிடந்தால் காதில் என்னதான் கேட்காது என்பேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள், உங்களை நம்பவைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் ஒன்று, இதில் நடுராத்திரியும் கிடையாது, சுடுகாடும் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது.

என் தங்கை வனிதாவுக்காகத்தான் கார் வாங்கினேன். அவளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். முன்பு இரண்டு தடவை உண்டாகி இரண்டுமே நிற்கவில்லை. அந்த இரண்டு தடவையும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த கிடப்பை நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அம்மா இல்லாத வீட்டில் அக்காதானே எல்லாம். மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனதும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் குலுங்கிக்கொண்டு செக்கப்புக்கு வரக் கூடாது என்று. உடனே புரோக்கரிடம் சொல்லி, ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். ஓட்ட எனக்கு ஏற்கெனவே தெரியும்.

வனிதாவை முதல் தடவை ஏற்றிக்கொண்டு செஞ்சி ரோட்டில் வரும்போதே அந்தச் சத்தம் கேட்டது. டிங். அவ்வளவுதான், ஒரே ஒரு டிங். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் ஒன்று.

"அக்கா, கைல கண்ணாடி வளையல் போட்டுனு இருக்கியா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"மாவு கரைக்கிற கைல எங்கடி வளையல், ரப்பர் பேண்டுதான் இருக்கு."

பழைய வண்டி, ஏதோ ஆடுகிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் அது விடவில்லை. ஒவ்வொரு செக்கப்புக்கும் அதே சத்தம், வனிதா ஒவ்வொரு தடவையும் திடுக்கென்று வயிற்றைப் பிடித்துக்கொள்வாள், எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். தண்ணீர் பாட்டில், குடை, ஜாக்கி, ஸ்பேனர், டேஷ்போர்டில் ஒட்டியிருந்த குட்டிப் பிள்ளையார், சாவிக்கொத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். சீட் பெல்ட் கொக்கியில் பேப்பரை மடித்துச் சொருகினேன். சீட்டுக்கு அடியில் கடைத் துணியெல்லாம் அடைத்தேன். டிங். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், குண்டும் குழியுமான ரோட்டில் சத்தமே இருக்காது. புதுத் தார் போட்ட நல்ல ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும்போதுதான் கேட்கும். ஆடும்போது கேட்காமல் ஆடாதபோது கேட்கிற சத்தம் எந்த ஊரில் உண்டு, நீங்களே சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வனிதாவின் வீட்டுக்காரரை வண்டி ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்சீட்டில் குறுக்கே படுத்துக்கொண்டேன். வலது கதவில் காதை வைத்தேன், இல்லை. சீட்டில் வைத்தேன், இல்லை. இடது பக்கப் பின்கதவில் வைத்தேன். கன்னத்துக்கு நேராக, கதவுக்கு உள்ளேயிருந்து, டிங். பல்லில் வந்து இறங்கியது. எனக்கு அப்போது பயமெல்லாம் இல்லை, சந்தோஷம்தான், கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று கத்தினேன். அவர் பயந்துபோய் பிரேக் போட்டுவிட்டார்.

மறுநாளே டவுனில் சலீம் பாய் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சீட் கவர், கதவு உள்பக்க அட்டை, இந்த வேலையெல்லாம் அவர்தான் செய்வார். அவர் அட்டையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, இங்க வாங்க. இத பாருங்க."

உள்ளே, கதவுப் பூட்டுக்குப் போகிற நீளக் கம்பி ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பியில் ஒரு வளையல் கோத்திருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல், தங்கப் புள்ளி வைத்தது, கொஞ்சம் மங்கிய புள்ளி. முழு வளையல். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. கம்பியின் இரண்டு முனையும் இரண்டு பக்கமும் மாட்டி இறுக்கியிருந்தன. சலீம் பாய் ஒரு முனையைக் கழற்றித்தான் வளையலை உருவி எடுக்கவேண்டியிருந்தது.

"கதவுக் கண்ணாடி இடுக்குல விழுந்திருக்குமோ?" என்றேன்.

"விழலாம்கா, விழுந்தா அடியிலதானே கெடக்கணும்? எப்படிக் கம்பில கோத்துக்கும்?" தலையைச் சொறிந்தார். பிறகு அவரே சிரித்தார். "கம்பெனில வண்டிய மாட்டறப்பவே வேலை செஞ்ச பொண்ணு எவளாச்சும் விட்டுட்டிருப்பா. விடுங்க, சத்தம் போச்சு இல்ல?"

நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். பார்த்தீர்களா, எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. நல்ல வளையலை யாராவது தூக்கிப் போடுவார்களா, கியருக்குப் பக்கத்தில் டம்ளர் வைக்கிற குழியில் போட்டுவைத்தேன். அதற்குப் பிறகு சத்தம் நின்றேவிட்டது. நான் என் சாமர்த்தியத்தைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. எங்கள் பெரியம்மாவையும் பூ, பழம், வளையல் பாக்கெட்டுகளையும் ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். வீடு நிறையக் கூட்டம். நான் சமையல் பந்தல் பக்கமே நின்றுவிட்டேன், சித்ரான்னத்தில் எவனோ உப்பை அள்ளிக் கொட்டிவிட்டான், அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் வளையல் போடுவதைக்கூட நான் பார்க்கவில்லை. சாப்பாடு முடிந்து, வனிதாவை அடி அண்ணாமலையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அழைத்துவரக் காரில் ஏற்றினேன். இரண்டு கையும் முழங்கைவரை வளையல், முகத்தில் அவ்வளவு சிரிப்பு, எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன் தெரியுமா? அவள் கையைப் பிடித்து உட்காரவைக்கும்போதுதான் பார்த்தேன். புது வளையல்களுக்கெல்லாம் உள்ளே, முழங்கைப் பக்கம் முதல் வளையலாக, மங்கிய தங்கப் புள்ளி வைத்த அந்தப் பச்சை.

குழியைப் பார்த்தேன், காலி.

"பெரியம்மா, இங்க ஒரு வளையல் இருந்துச்சே?"

"நல்லா கேட்ட போ! பாக்கெட்லேர்ந்து விழுந்தத கவனிக்காம அப்படியே விட்டுட்டு எறங்கிட்ட. வளைகாப்பு வளையல ஒண்ணுகூடத் தனியா விடக் கூடாதுடி. நான்தான் பார்த்து எடுத்துனு போய் தட்டுல வச்சேன். மொத வளையலா நானே போட்டும் விட்டேன்."

அந்த அம்மாளை என்ன சொல்வது? நல்லது என்று நினைத்துத்தானே செய்தாள். யார் வீட்டு விசேஷத்திலும் அப்படித்தானே செய்வார்கள். சரி, வளையல்தானே, கழுவிப் போட்டால் ஆச்சு என்று வண்டியை எடுத்தேன். பெரியம்மா முன்னால், வனிதா பின்னால் இடது பக்கம். கீழ்பென்னாத்தூர் தாண்டி நல்ல ரோடு வந்தது.

டிங்.

"வளையல் சத்தம் கேக்குதா? வயித்துல இருக்கறதுக்கும் கேக்கும்," என்றாள் பெரியம்மா சந்தோஷமாக.

நான் கண்ணாடியில் பார்த்தேன். வனிதா தூங்கிப்போயிருந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல் ஆடாமல் அசையாமல் இருந்தன. டிங். சத்தம் அவள் கையிலிருந்து வரவில்லை. கதவுக்கு உள்ளேயிருந்து வந்தது. அந்த வெயிலில் எனக்கு முதுகு சில்லிட்டுப்போனது, பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புரோக்கரிடம் வண்டியை விற்றவர் நம்பரை வாங்கிப் போன் போட்டேன். வண்டியில் ஒரு சத்தம் வந்தது என்றுதான் ஆரம்பித்தேன், கதவு என்ற வார்த்தையையே நான் சொல்லவில்லை.

"இடது பக்கம் பின்கதவுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அது கதவுக்குள்ளதானே இருக்கு? கையில யாரும் போடலையே?"

"போட்டுட்டாங்களே. யாருதுங்க அது?"

சட்டென்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டும் அந்த நம்பர் எடுக்கவேயில்லை. நேரில் போகலாம் என்றால் வீட்டைக் காலி செய்துவிட்டார் என்றான் புரோக்கர்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வளைகாப்பு வளையலைப் பிரசவம்வரை கழற்றக் கூடாது, உடைந்தாலே வீட்டில் அழுகை வந்துவிடும். இரண்டைப் பறிகொடுத்த பெண்ணிடம் போய், அடி, உன் கையில் இருக்கிற முதல் வளையல் யாருடையது என்று தெரியவில்லை, கழற்று என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அந்தப் பயத்திலேயே அவளுக்கு ஏதாவது ஆகிவிடும். சொல்லாமலிருந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வளையலாவது கிளையலாவது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், அடுத்த நிமிஷம் அவள் கையைத்தான் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மெதுவாகத் தேங்காய் எண்ணெய் தடவி, அதற்கு முன்னால் இருந்த வளையல்களை ஒவ்வொன்றாக உருவி வைத்தேன், பிறகு திரும்பப் போட்டுவிடலாம் என்று. எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. அந்தப் பச்சை மட்டும் வரவில்லை. தொளதொளவென்று இருந்த வளையல் அது, என் விரல் உள்ளே போய் வந்தது, ஆனால் இழுத்தால் எலும்பில் போய் நின்றுவிடுகிறது. கொஞ்சம் அழுத்தி இழுத்தேன், வனிதா விழித்துக்கொண்டாள்.

"ஐயோ! ஏன்க்கா என் வளையல கழட்டற? இதுவும் போயிடணும்னு பார்க்கிறியா?"

அந்த வார்த்தையைக் கேட்டு நான் செத்தேன். அப்படியே உட்கார்ந்து அழுதேன், அவளும் அழுதாள். என்ன காரணம் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் அந்த வளையலைத் தொடவில்லை.

வலி கண்டது ஒரு காலை வேளையில், கடையில் கூட்டம் இருந்த நேரம். போட்டது போட்டபடி ஓடிவந்து அவளைக் காரில் ஏற்றினேன். வேறு வண்டிக்குச் சொல்ல நேரமில்லை. கிரிவலப் பாதையில் ஆள் நடமாட்டம், பஸ் ஹாரன், பக்கத்தில் பெரியம்மா முருகா முருகா என்கிறாள், அவ்வளவு சத்தத்துக்கும் மேலே அந்தக் கதவுக்குள் டிங் டிங் டிங் என்று விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. "அருணாசலா, இவள மட்டும் விட்டுடுப்பா" என்று நான் வாய்விட்டுக் கத்தினேன். சாமி இருக்கிறதா இல்லையா என்று கடைக்கு வருகிறவர்களோடெல்லாம் வாதம் செய்கிற நான்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கியதும் சத்தம் நின்றது.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருந்தார்கள். பிரசவத்துக்கு முன்பு நர்ஸ் வளையலையெல்லாம் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து கவரைக் கொட்டிப் பார்த்தேன். அந்தப் பச்சை இல்லை.

"எல்லாத்துக்கும் உள்ள ஒண்ணு இருந்துச்சேம்மா, பச்சை?"

"நான் கழட்டறப்ப அப்படி ஒண்ணும் இல்லைங்களே. ஆனா கையச் சுத்திக் கோடு மாதிரி ஒரு தழும்பு இருந்துச்சு. உடைஞ்சு கிழிச்சிருக்கும்," என்றார் நர்ஸ்.

உடைந்திருந்தால் காரில் ஒரு சில்லாவது கிடக்கவேண்டுமே. சீட்டையெல்லாம் கழற்றிப் பெருக்கிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. கதவு அட்டையைத் திறந்து பார்த்தாயா என்று கேட்பீர்கள். திறக்கவில்லை. சலீம் பாய்கூட, "கொண்டாங்கக்கா, ஒரு தடவை அட்டைய கழட்டிப் பார்த்துடலாம்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தக் கம்பியில் அது கோத்திருந்தால் நான் என்ன செய்வேன்? கோத்திருக்காவிட்டால் அதைவிட மோசம்.

வண்டியை விற்றுவிடலாம் என்றேன். வனிதாவின் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார், பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவந்த ராசியான வண்டியாம். அதைவிட எனக்குள் வேறொரு பயம் இருக்கிறது. வண்டியை விற்றால் அது வண்டியோடு போகுமா, இல்லை குழந்தையோடு தங்கிவிடுமா? தெரியாமல் எப்படி விற்பது? அதனால் நானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. திருஷ்டிக்குக் கறுப்பு ரப்பர் வளையல்தான் போட்டிருக்கிறோம், அது தானாக விரிந்து ஏறிக்கொள்ளும், கையைக் குவிக்கவே வேண்டாம். கண்ணாடி வளையல் அவள் கையில் ஏறியதே இல்லை. வளையல் கடை வாசலுக்குக்கூட அவளைத் தூக்கிப்போக நான் விட்டதில்லை. வனிதா அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் பின்சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவேன் என்று அழுவாள், வேறு பக்கம் உட்காரவைத்தால் மூச்சு நின்றுவிடுகிற மாதிரி வீறிடுவாள். போன வாரமும் அப்படித்தான். செஞ்சி ரோட்டில் நல்ல ரோடு வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கதவின் பக்கம் திரும்பினாள். வளையல்காரரிடம் நாம் கையை எப்படிக் கொடுப்போம், கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களைக் குவித்து, கையைத் தளர்த்தி, அதே மாதிரி கதவைப் பார்த்து நீட்டினாள்.

"பாருக்கா, எங்க கத்துக்கிச்சுன்னே தெரியல," என்று வனிதா சிரித்தாள்.

டிங்.

நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். குழந்தை கையை ஆட்டாமல் பொறுமையாக வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, முடிந்துவிட்டது என்பதுபோல் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினாள்.