பெண்கள் முறை

வெய்யோ பகலில் பால் வண்டி ஓட்டுவான். சனிக்கிழமை மாலையானால் எங்கள் ஏரிக்கரை நடனக்கூடத்தில் டாங்கோ பாடுவான். பின்லாந்து டாங்கோவில் காதலி போய்விடுவாள், குளிர் வந்துவிடும், வேறொன்றும் நடக்காது. அவன் இரண்டு ஆல்பம் போட்டான். இரண்டிலும் அவள் போய்விட்டாள். பக்கத்தில் அக்கார்டியன் வாசித்த எனக்கே அவளைத் தேடிப் பிடித்து இழுத்து வரலாமா என்று எரிச்சல் வரும்.

நிஜத்தில் அவனை யாரும் விட்டுப் போகவில்லை. மனைவி சிர்க்கா வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். சரியான வாயாடி.

"வீட்டுல விசிலடிச்சுக்கிட்டே திரியுறான். இங்க மேடை ஏறினா மட்டும் இழவு வீடு மாதிரி மூஞ்சி!"

அது அவனைக் குத்தியிருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில், மூன்றாவது ஆல்பத்துக்காக டிரம்பெட்டும் பிரேசில் தாளமுமாகத் துள்ளும் பாட்டுகளைக் கட்டினான். கேட்டபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இசைத்தட்டு கம்பெனிக்காரர் அல்ரோஸ் ஹெல்சின்கியிலிருந்து கோடை விழாவுக்கு வந்தார்.

"என்ன வேணா பாடுப்பா. ஆனா ஜனம் ஆடணும். கூடம் காலியாச்சுன்னா மறுபடி டாங்கோதான்" என்றார்.

முதல் புதுப் பாட்டை எடுத்தோம். ஆண்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச் சுவரோரம். இது வால்ட்ஸா, டாங்கோவா என்று தெரியாமல் எங்கள் ஊர் ஆண்பிள்ளை எவனும் நடுவில் கால் வைக்க மாட்டான். ஒரு ஈ காக்கா கூட ஆடவில்லை. அல்ரோஸ் உதட்டைப் பிதுக்கினார்.

"டாங்கோவே எடுடா ஓஸ்மோ. என் தலையெழுத்து அவ்வளவுதான்" என்றான் வெய்யோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது சுவரில் 'பெண்கள் முறை' விளக்கு எரிந்தது. இனி பெண்கள்தான் ஆண்களை ஆட அழைப்பார்கள். எந்த ஆணும் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. கைகோத்த ஜோடி இரண்டு பாட்டு சேர்ந்து ஆட வேண்டும். நடுவில் விட்டுப் போவது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

"முதல்ல டாங்கோ. ரெண்டாவது உன் பாட்டு" என்றேன்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்டா! திட்டுவாங்க."

"திட்டட்டும். போக முடியாதுல்ல?"

டாங்கோவுக்குக் கூடம் நிறைந்தது. காபி விற்கும் லெம்பி அல்ரோஸையே இழுத்துப் போனாள். பிறகு டிரம்பெட் அலறியது. அத்தனை ஜோடியும் கைகோத்தபடி சிலையாக நின்றன. ஆடவும் தெரியவில்லை, போகவும் வழியில்லை. எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். செத்தோம் என்று நினைத்தேன்.

சிர்க்கா டிக்கெட் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மேடைக்கு வந்தாள். வெய்யோவுக்கு முன்னால் குனிந்து வணங்கினாள்.

"வாய்யா ஆடலாம்."

"பாடிக்கிட்டிருக்கேன்டி!"

"பெண்கள் முறை. மாட்டேன்னு சொல்லிடுவியா நீ?"

எப்போதும் மேடையிலேயே நின்றவன், அந்தக் கூடத்தில் ஒருநாளும் அவளோடு ஆடியதில்லை. மைக்கைப் பிடித்தபடி இறங்கினான். ஆடத் தொடங்கிய வேகத்தில் அவள் அவன் காலை நன்றாக மிதித்தாள்.

"ஐயோ, என் காலு!" என்று மைக்கிலேயே கத்திவிட்டுச் சிரித்தான். கூடமே வெடித்துச் சிரித்தது. லெம்பி அல்ரோஸை ஒரு சுழற்று சுழற்றினாள். அப்புறம் யாரும் சும்மா நிற்கவில்லை. வாசிக்கும்போது என் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை ஏது?

பாட்டு முடிந்ததும் அல்ரோஸ் டை தோளில் தொங்க மேடைக்கு ஓடி வந்தார்.

"இந்தப் பாட்டுதான் ஆல்பத்துல முதல்ல!"

ஆனால் ஹெல்சின்கி ஸ்டுடியோவில் அது சவசவ என்று வந்தது. வெய்யோ கம்பம் போல நின்று பாடினான்.

"சிர்க்காவை வரச் சொல்லுங்க" என்றான் கடைசியில்.

வந்தாள், ஆடினாள், மிதித்தாள். அந்த "ஐயோ"வும் சிரிப்பும் இசைத்தட்டில் அப்படியே இருக்கின்றன. மூன்றாவது ஆல்பத்தில் அவள் போகவில்லை. அவன் காலை மிதித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறாள்.