பாதி நிலா சொன்ன சாட்சி

போன ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பெரம்பலூரில் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். "கிரகணம் பாக்குற கண்ணாடி இருக்குங்களா?" என்று காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுநாள், ஆகஸ்ட் இரண்டு, சனிக்கிழமை பிற்பகல் உலகமே ஆறு நிமிடம் இருண்டுவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் கரண்ட் போனால் ஆறு நிமிடத்தில் வந்ததாகச் சரித்திரமே இல்லை, இதற்குப் போய் ஏன் இத்தனை அலறல் என்று நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அப்போதுதான் தங்கையிடமிருந்து போன் வந்தது. ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள், அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அந்தச் சனிக்கிழமை பிற்பகல்தான் அவளுக்கு வங்கி வேலைக்கான தேர்வு. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மையம். இரண்டு முறை நூலிழையில் கோட்டை விட்டவள். இந்த முறையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

"அண்ணே, அத்தை ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிட்டாங்க. நாளைக்கி வாசப்படி தாண்டக் கூடாதாம். வயித்துப் புள்ளைக்கி ஆவாதாம். நீ வந்து எடுத்துச் சொல்லுண்ணே" என்று அழுதாள். அடுத்த நொடியே, "ஆனா நீ சொன்னா நம்ப மாட்டாங்களே" என்று இன்னும் சத்தமாக அழுதாள்.

அந்த அழுகையில் நியாயம் இருந்தது. அவள் கல்யாணத்தன்று மைக் என் கையில் மாட்டியது. "மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் மண்டபத்துக்குப் பின்னால் ஸ்பெஷல் ஐஸ்கிரீம்" என்று அறிவித்தேன். சம்பந்தி வீட்டார் பாதிப் பேர் இல்லாத ஐஸ்கிரீமுக்கு ஜெனரேட்டர் ரூம் வாசலில் வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதல் ஆள், தங்கையின் மாமியார். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் வாய்க்கு மரியாதை கிடையாது. நான் மணி சொன்னால்கூட இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இருந்தாலும் உண்மை என்ன என்று தெரிய வேண்டுமே. அந்தச் செய்தியில் அரபு நாட்டின் பேரும் இருந்ததால், ஜித்தாவில் வேலை பார்க்கும் என் நண்பனைக் கூப்பிட்டேன். எங்கள் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டுக்காரன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய், அது 2027 ஆகஸ்ட்டு ரெண்டாந்தேதிடா! எவனோ வருசத்த முழுங்கிட்டு அனுப்பிருக்கான். இன்ஷா அல்லாஹ், அன்னிக்கி இந்த ஜித்தாவே பட்டப்பகல்ல இருண்டுடும். உங்களுக்குச் சாயங்காலம் சூரியன் ஓரத்துல எலி கடிச்ச மாதிரி தெரியும், அவ்ளோதான். போயி தங்கச்சிய பரீட்ச எழுத வையி."

கடையைப் பூட்டிவிட்டு பைக்கை எடுத்தேன். அரியலூர் தாண்டுவதற்குள் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் எனக்கு இலவசமாகப் பவுடர் பூசி அனுப்பின. போய் இறங்கியதும் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"என்ன தம்பி, கூத்துக்கு வேசங்கட்டிட்டு வந்துட்டீங்களா?"

தொடக்கமே சரியில்லை. எப்படியோ விஷயத்தைச் சொன்னேன். செய்தி பொய், கிரகணம் இந்த வருடம் இல்லை, ஜித்தாவிலேயே கேட்டுவிட்டேன் என்றேன். போனில் தேடி எடுத்து, விஞ்ஞானிகள் மறுத்திருப்பதையும் காட்டினேன்.

அத்தை போனைத் தொடவே இல்லை. "கிரகணம் வருதுன்னும் போன்லதான் வந்துச்சி. வராதுன்னும் போன்லதான் வருது. இதுல எத நம்பச் சொல்றீங்க?"

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் அம்மாவுக்கும் தலையாட்டினார், எனக்கும் தலையாட்டினார். சுழலவிட்ட மேசை விசிறிகூட இவ்வளவு நடுநிலையாக ஆடாது. கதவோரம் நின்ற தங்கை ஹால் டிக்கெட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

தோற்றுவிட்டேன் என்று நினைத்து, முகத்தையாவது கழுவலாம் என்று கொல்லைக் குழாயடிக்குப் போனேன். தண்ணீரை அடித்து ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தால், மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு நேர் மேலே, தென்னை மட்டைக்கு நடுவில், வெட்டி வைத்த கொழுக்கட்டை மாதிரி பாதி நிலா!

"அத்தே! சீக்கிரம் ஓடியாங்க!" என்று கத்தினேன்.

"ஏன் தம்பி, ஐஸ்கிரீம் வந்துருச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஆள் வரவில்லை.

தங்கைதான் வந்தாள். நான் மேலே கையைக் காட்டினேன். பார்த்தாள். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு அவள் முகம் மாறியதே, அதை நான் மறக்க மாட்டேன். உள்ளே ஓடப்போனவளை "மெதுவா, மெதுவா" என்று நான் தடுக்க வேண்டியிருந்தது. மாமியார் கையைப் பிடித்து அழைத்து வந்து நிறுத்தினாள்.

"அத்தே, சூரிய கிரகணம் எந்தத் திதியில புடிக்கும்?" என்று கேட்டேன்.

"இது தெரியாதா? அமாவாசையிலதான்."

"ஆடி அமாவாசை எப்ப வந்துச்சி?"

"போன வாரந்தான். வாழக்கா பொரியல் வச்சி, காக்காவுக்குச் சோறு போட்டேன்ல..."

அத்தை தலையைத் தூக்கினார்கள். நிலாவைப் பார்த்தார்கள். சூரியனைப் பார்த்தார்கள். மறுபடி நிலாவைப் பார்த்தார்கள். நான் பிறந்ததிலிருந்து முதல்முறையாக, பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"அடுத்த அமாவாசைக்கி இன்னும் எம்மாம் நாளு கெடக்கு! பாதி நெலா அங்க நிக்கிது, நாளைக்கி அது எப்புடிடா சூரியன்கிட்ட போவும்?" என்று அத்தை மகனைத் திட்ட ஆரம்பித்தார்கள். பாவம், செய்தியை முதலில் படித்துக் காட்டியது அவர்தானாம். மாப்பிள்ளை அதற்கும் தலையாட்டினார். போர்வைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

மறுநாள் கார் வைத்து நாங்கள் எல்லோரும் கிளம்பினோம். அத்தை இட்லி கட்டிக்கொண்டு தானும் ஏறிவிட்டார்கள். தேர்வு மையத்து வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் இடம் பிடித்து, காத்திருந்த பெண்களிடமெல்லாம், "அமாவாச இல்லாம கிரகணம் வருமாம்மா? இது தெரியாம ஊரே அலறுது பாரு!" என்று வகுப்பெடுத்தார்கள். அந்த உண்மையைக் கண்டுபிடித்தது யார் என்ற பேச்சே வரவில்லை. நானும் கேட்கவில்லை. உலகம் இருளும் என்று சொல்லப்பட்ட நேரத்தில் பெரம்பலூர் வெயில் என் மண்டையைப் பிளந்தது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. வெயில் அடித்ததற்காக வாழ்க்கையில் நான் கை தட்டியது அன்று ஒருநாள்தான்.

மணி அடித்து எல்லோரும் வெளியே வந்தார்கள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்து வந்த தங்கை, தூரத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்தினாள். இன்று அவள் அரியலூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்வது அத்தைதான்.

2027 ஆடி அமாவாசைக்கு உண்மையான கிரகணம் வருகிறது. "அன்னிக்கி நல்ல கண்ணாடியா கொண்டாந்துருங்க தம்பி, எலி கடிச்சத நானும் பாக்கணும்" என்று அத்தை இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள். வாயால் வடை சுட்டே வளர்ந்தவன் நான். அந்த வீட்டை நம்ப வைத்தது என் வாய் அல்ல, தலைக்கு மேல் சும்மா நின்ற பாதி நிலா. அதனால் இப்போதெல்லாம் யாரையாவது நம்ப வைக்க வேண்டுமென்றால், பேச ஆரம்பிப்பதற்கு முன் அவர்களை ஒருமுறை வெளியே வந்து வானத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.