ஊசித் துளையும் கிணற்று எல்லையும்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பூந்தமல்லியில் சின்னதாக ஒரு போட்டோ கடை வைத்திருந்தேன். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காக நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் அந்தப் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்து, முந்தானையிலிருந்து ஒரு பழைய பத்திரத்தை எடுத்து நீட்டினார்.

"நாளைக்குக் காத்தால இத்த ஆபீசுல குடுத்துடணும் நைனா. கெணறு எங்க பங்குலதான் கீதுன்னு இதுல மட்டும்தான் எயுதியிருக்கு. எங்கையில ஒண்ணு இருக்கட்டும், அப்பிடியே படம் புடிச்சிக் குடு."

கிணற்றின் எல்லை விவரம் பத்திரத்தின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. கையால் எழுதிய நகலை யார் நம்புவார்கள்? போட்டோவில் முத்திரையும் விழும். ஆனால் படம் பிடிக்கும் கண்ணாடி பிளேட் கிடைக்காத காலம் அது. கையிலிருந்தது இரண்டே இரண்டு.

வெளிச்சத்தை அளவாக உள்ளே விட, என் லென்ஸில் துளையிட்ட பித்தளைத் தகடுகளைச் செருக வேண்டும். துளை சிறுத்தால் படம் கூர்மையாகும் என்பது என் வேதம். நடுத்தரத் துளையை வைத்து ஃபோகஸ் பார்த்தேன். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. சும்மா இருந்திருக்கலாம். என் மேதாவித்தனம் விட்டதா? தகரத்துண்டில் ஊசியால் குத்தி, இருப்பதிலேயே சின்னத் துளையாகச் செய்து செருகினேன். நிமிடக்கணக்கில் வெளிச்சம் கொடுத்தேன்.

பிளேட்டைக் கழுவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஈரக் காகிதத்தில் மை ஊறின மாதிரி அத்தனை எழுத்தும் மங்கல். கேமரா ஆடவில்லை, ஃபோகஸும் மாறவில்லை. வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இதிலேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

"இன்னாபா, மொகம் பேயறஞ்சா மாரி கீது?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மொதல்ல பாத்தப்ப எயுத்து தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சுதும்மா."

"அப்பாலிக்கா ஏன் அதுல கைய வெச்ச? அதே மாரி புடி."

கடைசி பிளேட். நடுத்தரத் துளையைச் செருகிப் படம் பிடித்தேன். கழுவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. எல்லை விவரத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

துளை அளவுக்கு மீறிச் சிறுத்தால், அதன் வழியே வரும் ஒளி வளைந்து பரவிப் படத்தைக் கலங்கடித்துவிடும் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்த தப்புக்கு என்னை நானே மன்னித்துவிட்டேன். ஆனால் அந்த மங்கல் படத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்த அந்த ஒரு கணம் ஞாபகம் வந்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.