கடைசி சீட்டு ரோஜா

‘மாணவர்களின் கையை எந்நேரமும் பற்றியிருத்தல்’ என்பது சிறப்புப் பள்ளி ஆயாவான ரோஜாவுக்குப் பணி ஆணை விதித்திருக்கும் முதல் கடமை. நாலே கால் மணிக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் பார்த்தால், தன் முந்தானையைப் பிடித்திருக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருப்பாள்.

“பஸ்ல நான் யாரு?”

“யாரோ!”

“ஆங். என்னைப் பாத்து சிரிச்சிக்கினு வந்த, எறக்கி வுட்ருவேன்.”

மெதுவாகக் கற்கும் பிள்ளைகளைத் தனியாகப் பஸ்ஸில் போய்வரப் பழக்குவதுதான் பதினோரு வருடமாக அவள் உண்மையில் பார்க்கும் வேலை. முதல் வாரம் பக்கத்து சீட்டு. அப்புறம் இரண்டு வரிசை தள்ளி. கடைசியில் பின்படிக்கட்டு ஓரம், கண்ணை மூடியபடி. தூங்குகிறாயா என்று கேட்டால் கோபம் வரும். தூங்கித்தான் இருப்பாள். ஒரு பிள்ளை தேறினால் பட்டியலில் இரண்டு பிள்ளைகள் ஏறுகின்றன. கால் வீக்கம் மட்டும் வடிந்தபாடில்லை.

திருடர்களிடம் அவளுக்குப் பயமில்லை, நல்லவர்களிடம்தான் பயம். “பாப்பா எங்க எறங்கணும்?” என்று விசாரித்து, பையைத் தூக்கி, ஆளையும் இறக்கிவிடுகிற புண்ணியவான்கள் ஒரு மாதப் பாடத்தை ஒரே நடையில் அழித்துவிடுவார்கள். “சும்மா குந்துங்க சாமி, ஒங்க புண்ணியத்த மயிலம் கோயில்ல போயி சேத்துக்குங்க” என்று ஒரு பெரியவரிடம் சொல்லப்போய், பஸ்ஸே திரண்டு அவளை ஏசியதுண்டு.

ஆர்த்திக்கு வயது பதினாறு, ஊர் கிளியனூர். இரண்டு முறை இறங்க மறந்திருந்தாள். இரண்டு முறையும் ரோஜாதான் கூப்பிட்டு இறக்கினாள். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலிவேலை செய்யும் அவள் அம்மா அஞ்சம்மாள், போன வியாழக்கிழமை காலையில் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: “இன்னிக்கும் அவளா வூடு வந்து சேரலன்னா, பள்ளிக்கொடமே வாணாங்க்கா. வூட்லயே கெடக்கட்டும். இந்தப் பேஜாரு நமக்குத் தாங்காது.”

“வந்துருவா” என்றாள் ரோஜா, நம்பாமல்.

மாலை, கிளியனூர் வந்தது. கண்டக்டர் கத்தினார். நாலு பேர் இறங்கினார்கள். ஆர்த்தி ஜன்னல் வழியே லாரியில் போகும் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசிலும் அடித்தாயிற்று. ரோஜாவின் வாய் பாதி திறந்து மூடிக்கொண்டது.

பக்கத்தில் இருந்த பெண் பதறினாள். “எம்மா, அது கிளியனூரு பொண்ணுதான? நெதம் பாக்கறனே. கூப்புடேன்!”

“கூப்ட்டா நான் எறக்குனதாத்தான் ஆவும். நீ கம்முனு இரு தாயி.”

“இன்னா பொம்பளை நீ?”

அதே கேள்வியை ரோஜாவும் தன்னையே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சற்றுத் தூரம் போனபின் ஆர்த்தி திடுக்கிட்டு எழுந்தாள். பின்னால் திரும்பினாள். ரோஜா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆர்த்தி அழுதாள்; அழுதுகொண்டே கண்டக்டரிடம் போனாள்.

“அண்ணா, எங்க ஊரு போயிடுச்சி.”

“ஊரு எங்கயும் போவாது. அடுத்த ஸ்டாப்புல எறங்கி, எதிர்ல வர்ற வண்டியில போ.”

முன்வாசலில் ஆர்த்தி இறங்கினாள், பின்வாசலில் ரோஜா. நாலுவழிச் சாலை. ஆர்த்தி லாரிகள் போகும்வரை நின்றாள். நடுத்திட்டு வரை ஓடினாள். மறுபடி நின்றாள். கடந்தாள். இந்தப் பக்கமே, பூட்டிய டீக்கடை மறைவில் ரோஜா மூச்சை விட்டாள்.

திண்டிவனம் திரும்பும் பஸ் வந்தது. ஆர்த்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு கண்டக்டரிடம் ஏதோ கேட்டாள், அவர் தலையாட்டினார்.

ஆர்த்தி ஏறினாள். ரோஜா ஏறவில்லை.